இங்கிலீஷ் 'இ' தீர்ந்துபோன அச்சுக்கூடம்

பெரம்பலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிற இரண்டு மாடிக் கட்டடம் நான் கட்டியது. கீழே ஓடுகிற அச்சகம் என்னுடையது. அரியலூர் போகும் சாலையில் உள்ள கல்யாண மண்டபமும் என்னுடையதுதான். அந்த இடத்தில் கிணறு வெட்டினால் தண்ணீர் வராது என்று சொன்னவர்கள் எல்லோரும் பிற்பாடு அதே கிணற்றுத் தண்ணீரில் கை கழுவிவிட்டு என் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்கள். பாறைக்கு வெடி வைத்து இறங்கினேன், வந்தது தண்ணீர். ஜெயங்கொண்டத்தில் ஒரு நெல் மில், அது நின்றுபோன பிறகு அதே கூடத்தில் இன்னொரு அச்சகம். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. என் அப்பா விட்டுப்போனது ஒற்றைக் கொம்பு மாடு ஒன்று. அதையும் அவர் காரியத்துக்கு விற்றாகிவிட்டது. யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இதில் எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. மண்டபத்தில் இருக்கிறது, மில் சுவரில் இருந்தது, அச்சகப் பலகையில் இருக்கிறது. நான் செய்த ஒன்றில் மட்டும் இல்லை. அது ஒரு புத்தகம்.

இந்தப் பக்கத்து ஹைஸ்கூல்களில் படித்தவர்களுக்கு அதைத் தெரிந்திருக்கும். இங்கிலீஷ் வார்த்தைகளுக்கான சின்னப் புத்தகம். ஒரு வார்த்தை, அதே பொருளில் வேறு இரண்டு வார்த்தைகள், பக்கத்தில் அந்த வார்த்தையின் வேர், கீழே ஓர் உதாரண வாக்கியம். வேர் நடுவில் ஒரே ஒரு தடவை பெரிதாக இருக்கும், அதன் முன்னால் வந்து ஒட்டுகிற தலைகள் மேலும் கீழும் வரிசையாக இருக்கும். படித்தவர்கள் அந்த அமைப்பைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். எழுதியவர் என்று அட்டையில் ஒரு பெயர் உண்டு. அது அரியலூரில் அந்தக் காலத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த ஒருவருடையது. அவர் இறந்து நாளாகிறது. அவர் மகன் கல்லூரியில் பேராசிரியர். போன மாதம் என் அச்சகத்துக்கு வந்து, புதிய பதிப்பு கொண்டுவரப் போவதாகவும் முதல் பதிப்பின் பிரதி கிடைக்குமா என்றும் கேட்டார்.

"அப்பாவோட மெத்தட் அப்படியே இருக்குங்க. எக்ஸாம்பிள் சென்டன்ஸ் மட்டும் மாத்தப் போறேன். புளி, மாடு, பஸ்ஸுன்னு ஒரே கிராமத்துச் சமாச்சாரமா இருக்கு" என்றார்.

பிரதி இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தருவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன்.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. நாற்பதுகளின் நடுவில். அரியலூர் ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் காலால் மிதித்து ஓட்டும் ஒரு ட்ரெடில் மிஷினை வைத்துக்கொண்டு ஒரு முதலாளி கல்யாணப் பத்திரிகையும் கடை நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்தார். நான் அங்கே மை தேய்க்கப் போய், எழுத்து அடுக்கும் ஆளாக ஆனேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுத்துப் பெட்டியை கேஸ் என்போம். அதில் எந்தக் குழியில் எந்த ஈய எழுத்து கிடக்கும் என்று கை பழகியது. பெயர் பிறகு தெரிந்தது, உச்சரிப்பு அதற்கும் பிறகு. அந்தக் கேஸில் எல்லாவற்றையும்விடப் பெரிய குழி ஏ, பி, சி, டிக்கு அடுத்து வரும் 'இ' என்கிற எழுத்துக்கு. இங்கிலீஷ்காரன் அது இல்லாமல் வாயைத் திறக்க மாட்டான்.

வாத்தியார் வரதராஜன்பேட்டைக்காரர், கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்காக வார்த்தைப் புத்தகம் ஒன்று எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். நான் அடுக்க ஆரம்பித்து முதல் பக்கம் முடிவதற்குள் 'இ' குழி காலி. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் இங்கிலீஷ் எழுத்து எவ்வளவு இருக்கும்? புதிதாக வாங்கலாம் என்றால் ஈயமெல்லாம் குண்டுக்குப் போய்விட்டது. திருச்சியில் கேட்டாலும் கிடையாது, மதராஸில் கேட்டாலும் கிடையாது.

மறுநாள் வாத்தியார் வந்ததும் சொன்னேன்.

"சார், இந்த 'பிகின்'க்குப் பதிலா வேற வார்த்த இருக்கா? 'இ' இல்லாததா பாத்துக் குடுங்க."

"என்னய்யா, கடையில கத்தரிக்கா இல்லேன்னா பொடலங்கா குடுங்கறாப்ல கேக்குற?"

"இருக்கா இல்லையா, சொல்லுங்க சார்."

"ஸ்டார்ட்."

"அது போதும். 'வீப்'?"

"க்ரை."

"'ஸ்பீக்'?"

"டாக். யோவ், நீ என்ன பரீட்சைக்குப் படிக்கிறியா?"

படித்தேன்தான். பிள்ளைகள் மார்க்குக்குப் படித்தார்கள். நான் குழியைப் பார்த்துப் படித்தேன். ஒரு வார்த்தை தீர்ந்துபோனால் அந்த இடத்தில் எதை வைக்கலாம், எதை வைத்தால் அர்த்தம் கோணும் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'பிக்' மாட்டுக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும். 'கிராண்ட்' மாட்டுக்கு ஆகாது. இப்படி ஒவ்வொன்றுக்கும். வாத்தியார் கொண்டுவந்த தாளில் ஒரு வார்த்தைக்கு ஒரு பொருள்தான் இருந்தது. அதே பொருளில் வேறு வார்த்தைகளையும் சேர்த்துப் போடலாம் என்ற யோசனை அவருக்கு நான் இப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு வந்தது. "நீ கேக்குறத அப்படியே போட்டாலே பிள்ளைங்களுக்கு உபயோகமாத்தான் இருக்கும்" என்று அவர் வாயால் சொன்னார். மிஷின் பக்கத்தில் நின்று சொன்னார்.

வேரும் அப்படித்தான். அவர் சின்ன வயதில் மாதா கோயில் பூசையில் உதவிக்கு நின்றவர், லத்தீன் கொஞ்சம் தெரியும். 'போர்ட்' என்றால் அந்த மொழியில் சுமப்பது என்றார். நம் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிற போர்ட்டருக்கு அந்தப் பெயர் அதனால்தானாம். இம்போர்ட், எக்ஸ்போர்ட், ரிப்போர்ட், ட்ரான்ஸ்போர்ட் என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒவ்வொன்றிலும் 'போர்ட்' அடுக்க எழுத்து பற்றவில்லை. நான் அதை நடுவில் ஒரே தடவை பெரிய எழுத்தில் வைத்து, இம், எக்ஸ், ரி என்கிற தலைகளை மட்டும் முன்னால் அடுக்கிக் காட்டினேன். பிழை பார்க்க அடித்த ப்ரூஃபை அவர் கையில் வாங்கி மேலும் கீழும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எல்லா வேரையும் இப்படியே போட்டுருய்யா" என்றார்.

இதுதான் இப்போது 'அப்பாவோட மெத்தட்' என்கிறார் மகன்.

உதாரண வாக்கியத்துக்கு வருகிறேன். அவர் எழுதியிருந்தது ராஜா, கப்பல், பனி. ஒவ்வொன்றும் ஒன்றரை வரி, 'இ' கொட்டிக் கிடக்கும். சின்னதாக வேண்டும் என்றேன். "அப்ப நீயே சொல்லு" என்று கோபத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன், அவர் இங்கிலீஷில் திருப்பினார், நான் அடுக்கினேன். கல்லங்குறிச்சிக்குக் கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போனது, ஸ்டேஷனில் கடலை மூட்டை நனைந்தது, சந்தையில் குடை தொலைந்தது என்று எல்லாம் என் வாயிலிருந்து வந்தவை. கடைசிவரை அப்படித்தான் நடந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவிக்கு ஊர் கங்கைகொண்ட சோழபுரம். ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது அன்றைக்குப் படித்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்ப்பேன். அவளுக்குச் சிரிப்பாக இருக்கும்.

"ஒரே அர்த்தத்துக்கு எதுக்குங்க இத்தன வார்த்த? வேலையத்த பயலுவளா இருப்பானுவ போல."

"ஒண்ணு தீந்து போனா இன்னொண்ணு வேணும்ல."

"சோறு தீந்து போனா சாதம் இருக்குன்னு சொல்லுவீங்களா? வவுறு கேக்குமா?"

ஒரு நாள் பொறுமை என்கிற வார்த்தைக்கு வாக்கியம் கிடைக்காமல் அவளிடமே கேட்டேன். குழம்பு இன்னும் ஆகவில்லை, நான் இரண்டு தடவை கத்தியிருந்தேன். "புளி கரையறதுக்குள்ள கத்தாதீங்க. இதப் போய் ஒங்க வாத்தியாருகிட்ட சொல்லுங்க" என்றாள். சொன்னேன். வாத்தியார் சிரித்துவிட்டு அதை இங்கிலீஷில் திருப்பிக் கொடுத்தார். புத்தகத்தில் இருக்கிறது. எத்தனையோ பிள்ளைகள் அதை உருப்போட்டுப் பரீட்சை எழுதினார்கள். அவளுக்கு 'அ'வன்னாகூட எழுதத் தெரியாது.

தலைப்பிரசவத்துக்கு அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். மாசியில். நான் பஸ் ஏற்றிவிட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். அன்றைக்கு அடுக்கியது 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பக்கம். 'ரிடர்ன்' என்று ஒரு வார்த்தை, அதற்குப் பதிலாக 'கம் பேக்'. வாத்தியார் வாக்கியம் கேட்டார். நான் சொன்னேன், அவர் திருப்பினார்: "மை வைஃப் வில் கம் பேக் இன் மே வித் எ பாய்." மே மாதம் என் மனைவி பையனோடு திரும்பி வருவாள். இரண்டே இரண்டு 'இ'.

"பையன்தான்னு ஒனக்கு யாருய்யா சொன்னது?"

"நம்ம வேலையில பிழ வராது சார்."

"ப்ரூஃப் பாக்கறதுக்கு முன்னாடியே பேசாத."

அந்தப் பக்கத்தை நூலால் சுற்றிக் கட்டி, இன்னும் மூன்று பக்கம் சேருவதற்காகக் கல்மேடையில் வைத்தேன். நாலு பக்கம் சேர்ந்தால்தான் மிஷினில் ஏற்றுவோம். அடித்து முடித்து எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கு எழுத்து. அப்படி ஒரு ஓட்டம். நடுவில் கடைக்கு வேறு வேலை வந்தால் இது வாரக்கணக்கில் நிற்கும்.

பங்குனி முடியப் போகும்போது என் மனைவியின் சித்தப்பா மகன் அச்சுக்கூட வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"மாமா, அக்காவுக்குக் கொஞ்சம் முடியல. கெளம்பி வாங்க."

"வெயில்ல வந்துருக்க. உள்ள வா, தண்ணி குடி."

"வேண்டாம் மாமா."

"ஒரு வாய் குடிடா."

"வேண்டாம்."

எங்கள் பக்கம் கேதம், அதாவது சாவுச் சேதி, சொல்ல வருகிறவன் வந்த இடத்தில் தண்ணீர் குடிக்க மாட்டான். அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியதும் இல்லை. என் கையில் எழுத்து அடுக்கும் ஸ்டிக் இருந்தது, அதில் பாதி வரி அடுக்கியிருந்தேன். பாதி வரியை அப்படியே வைத்தால் சரிந்துவிடும். மீதியையும் அடுக்கி, இறுக்கி, இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவினேன். முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ் கரி அடுப்பில் ஓடியது. மேட்டில் ஏறாது, நின்று நின்று போகும். சேதி கொண்டுவந்த பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுவதும் அழுதான். டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவன் அழுதான் என்பதற்காக பஸ் வேகமாகப் போகவில்லை. நான் ஜன்னல் வழியாக முந்திரிக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊர் நெருங்க, பெரிய கோயில் விமானம் தெரிந்தது. இறங்கினோம்.

அவளை எனக்காக எடுக்காமல் வைத்திருந்தார்கள். என்ன செய்யச் சொன்னார்களோ அதைச் செய்தேன். குடம் சுமக்கச் சொன்னார்கள், சுமந்தேன். கொள்ளி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். "இந்த மனுசனப் பாருங்கடி, சந்தைக்கு வந்தவராட்டம் நிக்கிறாரு" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொன்னாள். பிறந்த குழந்தை பெண். அது மறுநாள் காலைவரை உயிரோடு இருந்தது. என் கையில் கொடுத்தார்கள், வாங்கினேன். கனமே இல்லை. பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

காரியம் முடியும்வரை வேலைக்குப் போகக்கூடாது என்றார் மாமனார். பால் தெளித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். கடையில் இருந்த அத்தனை 'இ'யும் நான் கட்டி வைத்த பக்கங்களில் மாட்டிக்கொண்டு கிடந்தது. நான் போகாவிட்டால் வேலை நகராது. மாமனாரிடம் அப்படிச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

வாத்தியார் கல்மேடை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"அந்த வரிய எடுத்துருவோம்யா. வேற எழுதித் தரேன்."

"எத சார்?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. அந்த மே மாசத்து வரி."

"எடுத்தா பக்கம் மொத்தமும் நகரும் சார். இருந்துட்டுப் போவட்டும்."

"எப்புடிய்யா அது? நாளைக்கு எவனாவது படிப்பான்..."

"படிக்கத்தான சார் அடிக்கிறோம்."

மிஷினில் ஏற்றினேன். நானே மிதித்தேன். தாளைக் கொடுப்பேன், மூடும், திறக்கும், தாளை எடுப்பேன். ஒவ்வொரு தாளிலும் அவள் மே மாதம் திரும்பி வருவாள். கால் மிதித்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மை கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று தோன்றியது, குறைத்தேன்.

அடித்து முடிந்ததும் எழுத்தைக் கழுவிப் பிரிக்க உட்கார்ந்தேன். அந்த வரி வந்தது. வார்த்தை வார்த்தையாக விரலில் எடுத்து, எழுத்து எழுத்தாக அதனதன் குழியில் போட்டேன். 'வைஃப்'பில் இருந்த 'இ' தன் குழியில் விழுந்தது. 'பாய்' மூன்று குழிகளுக்குப் பிரிந்து போனது. ஈயம் விழுகிற சத்தம்தான் கேட்டது. மறுநாள் அதே எழுத்துகளை வைத்து 'சால்ட்', 'ஸீட்', 'ஸெர்வண்ட்' எல்லாம் அடுக்கினேன்.

கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது 'டபிள்யூ' வரிசையில் ஒரு வார்த்தை குறைந்தது.

"'வீப்' எங்க சார்?"

"விட்டுட்டேன்."

"பரீட்சைல கேப்பான் சார்."

"கேட்டா கேக்கட்டும். வேண்டாம்யா."

"போடுங்க சார். பக்கத்துல 'க்ரை' போட்டுருவோம். வாக்கியம் நான் சொல்றேன்."

சொன்னேன். அவர் பென்சிலைச் சீவிவிட்டு எழுதினார்: "எ பஸ் வில் நாட் கோ ஃபாஸ்ட் இஃப் யூ க்ரை." நீ அழுதாலும் பஸ் வேகமாகப் போகாது. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம், அந்த வாக்கியத்தில் ஒரு 'இ' கூடக் கிடையாது. அந்தப் புத்தகம் முழுவதிலும் அதற்கு ஈடாக ஒரு வாக்கியம் இல்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான்.

"நீ அழுதியாய்யா?" என்று கேட்டார்.

"எழுத்து பிரிக்கணும் சார்" என்றேன்.

எல்லாம் முடிந்து, பெயர் போடும் முதல் பக்கத்தைக் கடைசியாக அடுக்கும்போது வாத்தியார், தன் பெயருக்குக் கீழே என் பெயரும் வரவேண்டும் என்று முதலாளியிடம் சொன்னார். என்னை வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"நல்லா இருக்கு சார். இன்னிக்கு இவன் பேரப் போட்டா, நாளைக்குப் பசை காய்ச்சின பய பேரயும் போடணும். அப்புறம் பஸ் விட்டவன் வருவான்" என்றார் முதலாளி. வந்திருந்த கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

"அடுத்த பதிப்புல கண்டிப்பா போடறேன்" என்றார் வாத்தியார் என்னிடம்.

அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் எனக்குத் தூரத்தில் எங்கோ கேட்கிற மாதிரி இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு அவர் பெயரை அடுக்கினேன். பெரிய எழுத்தில், நடுவில், கோணல் இல்லாமல்.

பிறகு அவர் திருச்சிக்கு மாற்றலாகிப் போனார். அடுத்த பதிப்பு அங்கே அச்சானது, எழுத்துக்குப் பஞ்சம் இல்லாத அச்சகத்தில். அதற்கடுத்ததும் அங்கேதான். நான் ஒவ்வொன்றையும் வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் நல்ல மனிதர். மறந்திருப்பார், இல்லையென்றால் அங்கேயும் யாராவது சிரித்திருப்பார்கள். நான் கேட்டு எழுதவில்லை. இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளைகள் பிறந்தார்கள், பெரம்பலூருக்கு வந்து சொந்த அச்சகம் போட்டேன். மிஷினுக்காக மதராஸ் கம்பெனிக்கு நானே இங்கிலீஷில் எழுதினேன். யாரையும் வைத்து எழுதவில்லை. 'இ' தாராளமாகப் போட்டு எழுதினேன்.

இந்தக் கட்டடம், மண்டபம், கிணறு எல்லாம் நான் இல்லாவிட்டாலும் நிற்கும். அவளுக்குப் போட்டோ கிடையாது. நாங்கள் குடியிருந்த வீடு விழுந்து வேறு யாரோ கட்டிக்கொண்டார்கள். அவள் பேசிய ஒரு பேச்சு புளி வாக்கியத்தில் இருக்கிறது. அவள் திரும்பி வரவேண்டியது மே மாத வாக்கியத்தில் இருக்கிறது. பேராசிரியர் அவற்றை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பற்றியோ விமானம் பற்றியோ ஒன்றை வைக்கப் போகிறார். இப்போதும் இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. வரவேண்டும் என்றும் இல்லை. வேலை நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே பேராசிரியருக்கு நான் சொல்வது இது. முதல் பதிப்பின் பிரதி என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாக்கியங்களில் கை வைக்கக்கூடாது. வார்த்தைகளைச் சேர்த்தது உங்கள் அப்பா, அதில் எனக்குப் பங்கு வேண்டாம். அதே பொருளில் வேறு வார்த்தை கேட்டது நான். வேரை நடுவில் நிறுத்தியது நான். உதாரண வாக்கியங்கள் முழுவதும் என் வாயிலிருந்து வந்தவை. புளி வாக்கியம் என் வீட்டில் பிறந்தது, அதுவும் என் கணக்கில்தான் சேரும். இதை முன்னுரையில் ஒரு மூலையில் நன்றி என்று சொல்லி முடித்துவிட வேண்டாம். முதல் பக்கத்தில், உங்கள் அப்பா பெயருக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில் என் பெயரைப் போடுங்கள். இப்போது எழுத்துக்குப் பஞ்சம் இல்லை.